நகம் பிளக்கிற வயதில் எந்த மெனிக்யூர்? போடுவதற்கு முன்னால் கழற்றுவதைக் கேளுங்கள்

11 ஜூன் 2025, காலை | போடி வாசகி

போடிநாயக்கனூரிலிருந்து எழுதுகிறேன் அக்கா, எனக்கு 48. தீட்டு நின்று ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதற்கு முன்னாடியிருந்தே நகம் நுனியில் அடுக்கடுக்காகப் பிரிகிறது. சேலை நூலில் மாட்டுகிறது, தலை கோதினால் முடியில் மாட்டுகிறது. ஏலக்காய் கிட்டங்கியில் தரம் பிரிக்கப் போகிறேன், நாள் முழுக்க விரல் காயில்தான் கிடக்கும். ஆவணிக் கடைசியில் மகனுக்குக் கல்யாணம். "அக்ரிலிக் போட்டுவிட்டால் உங்க நகம் உள்ளே பத்திரமாக இருக்கும், பலமாகிவிடும்" என்கிறார்கள் பார்லரில். போடலாமா அக்கா?

11 ஜூன், இரவு | குமுளிக்காரி

அக்ரிலிக், அதாவது நகத்தின் மேல் பூசி இறுகவிடுகிற பிளாஸ்டிக், வேண்டாம். காரணம் நாளைக்குச் சொல்கிறேன். அதற்குள் கால் நகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கால் நகம் நன்றாக இருந்து கை நகம் மட்டும் பிளந்தால் தண்ணீர், சோப்பு மேல்தான் முதல் சந்தேகம். ரெண்டும் கெட்டிருந்தால் உடம்புக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை விரல் என்பதையும் எழுதுங்கள்.

12 ஜூன், மதியம் | குமுளிக்காரி

கால் நகம் சரியாக இருக்கிறது, கையில் எட்டு விரல் பிளக்கிறது என்கிறீர்கள். நல்ல சேதிதான்.

பிளவு ரெண்டு வகை. நுனியில் தகடு தகடாகக் கிடைமட்டமாகப் பிரிவது ஒன்று. நகத்தின் மேல் நீளவாக்கில் வரி வரியாக மேடு விழுந்து, அந்த வரி வழியே கீறல் ஓடுவது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் மாறி மாறி நனைவதாலும் காய்வதாலும் வருகிறது. ரெண்டாவது வயதோடு வருவது. தீட்டு நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது தோல் காய்கிறதே, அதே சமயத்தில் நகத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப்பசையும் குறைகிறது, வளர்வதும் மெதுவாகிறது. அதனால் நம் வயதில் பல பேருக்கு ரெண்டு வகையும் சேர்ந்தே இருக்கும். நம் ஊர்ப் பெண்களுக்கு 46, 47 வாக்கிலேயே நின்றுவிடுகிறது, மேல்நாட்டுக் கணக்கு 51. "ஐம்பதுக்கு மேல் பராமரிப்பு" என்று அச்சடித்த பார்லர் நோட்டீஸைப் பார்த்து நமக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். வேரிலிருந்து நுனிக்கு வர ஆறு மாதம். உங்களுக்கு இன்றைக்குப் பிளக்கிற நுனி மார்கழி பிறக்கிற சமயத்தில் முளைத்தது. அத்தனை நாள் தேய்த்த பாத்திரம், அலசிய துணி எல்லாம் அதன் மேல்தான் போயிருக்கிறது.

இப்போது அக்ரிலிக். அது கெட்டி. அடியில் இருக்கிற உங்கள் நகம் மெல்லிசு, கொஞ்சம் வளையும். மேலே இருப்பது வளையாது. ஒரு தகர டப்பாவை விரலால் நெம்பினால் போதும், அத்தனை விசையும் நகத்தில் இறங்கும், சில சமயம் நகமே சதையிலிருந்து தூக்கும். பிடிப்பு வர வேண்டும் என்று போடுவதற்கு முன்னால் நகத்தை ராவி வேறு விடுவார்கள். ஏற்கெனவே தகடு பிரிகிற நகத்தில் இன்னும் ஒரு தகட்டை நாமே காசு கொடுத்து எடுக்கிற வேலை அது.

12 ஜூன், மாலை | குமுளிக்காரி

"நகம் கெட்டியாக்கும்" என்று ஒரு பாட்டில் விற்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபார்மால்டிஹைடு என்கிற ரசாயனம் போட்டது என்றால் முதல் சில வாரம் பிரமாதமாக இருக்கும். நகம் இறுகும். தொடர்ந்து பூசினால் இறுகி இறுகி வளையாமல் போய், அப்புறம் டக்கென்று ஒடியும். காய்ந்த பனை ஓலையை மடக்கினால் ஒடிகிறது, தண்ணீரிலேயே கிடந்த ஓலை கிழிகிறது, பதமாக நனைந்த ஓலைதான் முடையத் தோதாக வளைகிறது. நகத்துக்கும் அந்தப் பதம்தான் வேண்டும். கெட்டித்தனத்தைத் தேடாதீர்கள்.

15 ஜூன், இரவு | குமுளிக்காரி

என் கதையைக் கேட்கிறீர்கள். கடையில் ஏலக்காயும் மிளகும் பொட்டலம் போடுகிற கை, சுற்றுலா வருகிறவர்கள் கண் எல்லாம் விரலில்தான் விழும். அதனால் எப்போதும் கொஞ்சம் பாலிஷ் போட்டிருப்பேன். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஒரு பார்லரில் ஜெல் போட்டேன், விளக்கில் காட்டி இறுக வைக்கிற பாலிஷ். போட்ட அன்று அழகு, மறுக்க முடியாது. வரி ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியாக மின்னியது. மூணாவது வாரம் ஓரம் தூக்க ஆரம்பித்தது. கழற்றப் போனேன். அன்று முகூர்த்த நாள் கூட்டம். அந்தப் பிள்ளை பத்து நிமிஷம் ஊற வைக்கப் பொறுமையில்லாமல், ஒரு இரும்புக் குச்சியை ஓரத்தில் கொடுத்து நெம்பிவிட்டது. ஜெல் முழுத் தகடாக வந்தது. அதன் அடியில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது என் நகம். கட்டைவிரலில் அழுத்தினால் பின்பக்கச் சதையின் சிவப்பு தெரிந்தது. சுடுதண்ணீர் பட்டால் சுள்ளென்றது. எலுமிச்சை ஊறுகாய்க்கு உப்புப் பிசைய முடியாமல் பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டேன்.

ஜெல்லை ஏற்றியதால் வந்த கேடு கொஞ்சம், இறக்கியதால் வந்த கேடு அதிகம். அதிலிருந்து எந்தப் பார்லரிலும் நான் கேட்கிற முதல் கேள்வி "எப்படிக் கழற்றுவீங்க?" என்பதுதான். "அதெல்லாம் ஈஸிக்கா" என்றால் எழுந்து வந்துவிடுவேன்.

19 ஜூன், மதியம் | குமுளிக்காரி

கழற்றுகிற கணக்கை வைத்தே வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

சாதாரண பாலிஷ்: பஞ்சை ரிமூவரில் நனைத்து நகத்தில் சில விநாடி வைத்து, நுனிப் பக்கமாக ஒரே இழுப்பு. முடிந்தது. ரிமூவரில் இருக்கிற அசிட்டோனை நகம் பார்ப்பது அரை நிமிஷம். பிளக்கிற நகத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான், நிறத்துக்கு முன்னால் நல்ல பேஸ் கோட் என்கிற அடிப்பூச்சோடு.

ஜெல் பாலிஷ்: அசிட்டோன் பஞ்சை வைத்து, ஃபாயில் சுற்றி, பத்து பதினைந்து நிமிஷம். நகமும் சுற்றியிருக்கிற தோலும் வறண்டுபோகும். பொறுமையாகக் கழற்றினால் எப்போதாவது ஒருமுறை பரவாயில்லை. நுனி பிரிந்துகொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம், பிரிந்த இடுக்கில் இறங்கி ஒட்டிக்கொள்ளும்.

டிப் பவுடர்: நகத்தில் பசை பூசி, நிறப் பொடியில் விரலை முக்குவது. "லைட்டே வேண்டாம்" என்று விற்கிறார்கள். ஒட்டுவது சயனோஅக்ரிலேட், உடைந்த பொம்மைக்கு நாம் போடுகிற பசையின் சொந்தக்காரன். கழற்ற ஜெல்லைவிட நேரமாகும். எல்லார் விரலையும் ஒரே டப்பாவில் முக்கினால் அது வேறு அசிங்கம்.

அக்ரிலிக்: அசிட்டோனில் அரை மணி வரை, இல்லாவிட்டால் மிஷின் வைத்து ராவுவது. சொன்னேனே, வேண்டாம்.

ஒட்டு நகம்: போட்டோ எடுக்கிற அரை நாளுக்குச் சரி, பசைக்குப் பதில் ஒட்டு வில்லை வைத்தால். இழுத்துப் பிய்க்காதீர்கள், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊற வைத்தால் தானே கழலும்.

20 ஜூன் | குமுளிக்காரி

பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை வாங்கியாயிற்று. உள்ளே வியர்த்தால் அதுவும் நனைவதுதான் என்பதால் முதலில் மெல்லிசு பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர். வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் நின்று "ஆபரேஷன் முடிஞ்சுதா டாக்டர், குழந்தை ஆணா பெண்ணா?" என்கிறார். கையுறை அவருக்கும் அளவாகத்தான் இருக்கும் என்றேன். ஆளைக் காணோம்.

23 ஜூன், இரவு | குமுளிக்காரி

எஸ்டேட் வேலைக்குப் போகிற ஒரு அம்மா கேட்டிருக்கிறார், கம்பம் ஊரிலிருந்து ஜீப்பில் மலை ஏறி வருகிறவர். இந்த இழையில் நான் எழுதிய எல்லாமே பார்லருக்குப் போக வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நியாயம். ஆனி, ஆடியில் மேலே சாரல், செடியடியில் குனிந்து காய் பறிக்கும்போது மணிக்கட்டு வரை ஈரம். சாயங்காலம் கீழே இறங்கினால் பள்ளத்தாக்குக் காற்று உலர்த்திவிடுகிறது. இப்படித் தினமும் ஊறி, தினமும் காய்கிற நகம்தான் தகடு பிரியும்.

காசில்லாத மெனிக்யூர் சொல்கிறேன். ராத்திரி கையை ஐந்து நிமிஷம் வெறும் தண்ணீரில் வையுங்கள், லேசாகத் துடையுங்கள், ஈரம் இருக்கும்போதே எண்ணெயோ வாசலினோ நகத்திலும் வேர்த்தோலிலும் தேய்த்துவிட்டுப் படுங்கள். உள்ளே போன ஈரத்தை எண்ணெய் பூட்டி வைக்கும். காய்ந்த நகத்தில் எண்ணெய் தேய்ப்பதைவிட இது மேல். காசு செலவழிக்க முடிந்தால் மருந்துக்கடையில் யூரியா கலந்த கிரீம்.

என்ன எண்ணெய் என்பதில் ஒரு சண்டை நடந்தது. பக்கத்துக் கடை சேச்சி தேங்காயெண்ணெய் தவிர எதுவும் எண்ணெய் இல்லை என்பார். நான் நல்லெண்ணெய்க் கட்சி. கடையில் கணக்கு எழுதுகிற பையன் ரெண்டு பேரையும் பார்த்து "யாராவது முதலில் தேயுங்க" என்றான்.

2 ஜூலை, மதியம் | குமுளிக்காரி

மூன்று பேர் பயோட்டின் மாத்திரை பற்றிக் கேட்டிருக்கிறார்கள், நகத்துக்கும் முடிக்கும் என்று விற்கிற பி வைட்டமின். விளக்கமாக எழுதுகிறேன், இதில் ஒரு ஆபத்து இருக்கிறது.

நகத்துக்கென்று சோதித்துப் பார்த்தது தினம் 2.5 மில்லிகிராம், பல மாதம். சின்னச் சின்ன ஆய்வுகள், சிலருக்கு நகம் தடித்தது. கடைகளில் தாராளமாகக் கிடைப்பதோ 10 மில்லிகிராம் மாத்திரை. அந்த அளவில் விழுங்கிக்கொண்டு ரத்தம் கொடுத்தால் சில வகைத் தைராய்டு சோதனைகள் தப்பாகக் காட்டும். மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனின் அளவும் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம். 2017ல் அமெரிக்க மருந்துத் துறை இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. நம் வயதில் நகம் பிளந்தால் டாக்டர் எழுதுகிற சோதனைகளில் ஒன்று தைராய்டு. மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடமும் லேபிலும் சொல்லுங்கள், ரெண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

அப்புறம் ரத்தசோகை. தீட்டு நிற்பதற்கு முந்தின வருஷங்களில் பல பேருக்குக் கொட்டித் தீர்க்கும், இரும்புச்சத்து வற்றிவிடும். நகம் நடுவில் குழிந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிற மாதிரி ஆகியிருந்தால் பார்லருக்குப் போகிற காசில் முதலில் ஹீமோகுளோபினும், சேமிப்பில் இருக்கிற இரும்புச்சத்தைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பாருங்கள்.

கால்சியம்? நகத்தில் கால்சியம் மிகக் கொஞ்சம். கெட்டித்தனம் கெரட்டின் என்கிற புரதத்தாலும் அதில் இருக்கிற கந்தகப் பிணைப்பாலும் வருவது. வெள்ளைப் புள்ளி விழுந்தால் பெரும்பாலும் எங்கோ இடித்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம். எலும்புக்காகக் கால்சியம் சாப்பிடுங்கள், அது வேறு விஷயம்.

3 ஜூலை | குமுளிக்காரி

நேற்று விட்டுப்போனது. ஒரே ஒரு நகத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனால் அதன் மேல் பாலிஷ் அடித்து மறைக்காதீர்கள். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். நகம் மஞ்சளாகித் தடித்தாலும் அப்படியே.

20 ஜூலை, ஞாயிறு | குமுளிக்காரி

ஆடி பிறந்துவிட்டது, மருதாணியை எப்படி மறந்தேன்? போடி வாசகியே கேட்டிருக்கிறார்.

கழற்றவே வேண்டாத மெனிக்யூர் இது ஒன்றுதான். இலையில் இருக்கிற லாசோன் என்கிற நிறம் நகத்தின் கெரட்டினோடு சேர்ந்துகொள்கிறது. தோலில் இருப்பது ரெண்டு வாரத்தில் போய்விடும், நகத்தில் இருப்பது நகம் வளர்ந்து வெட்டுகிற வரை இருக்கும். அசிட்டோன் இல்லை, ராவல் இல்லை.

இன்னொரு உபயோகமும் உண்டு. வேரில் நிறமில்லாத பிறை ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுமே, அதுதான் உங்கள் புது நகம். மருதாணி வைத்த பிறகு முளைத்தது எவ்வளவு என்று ஸ்கேல் இல்லாமல் தெரியும். ஜூனில் தொடங்கினீர்கள், ஆவணிக் கடைசிக்கு மூன்று மாதம். தரம் பிரிக்கிற சல்லடையில் 8 மில்லிமீட்டர் காய் நிற்குமே, ஏறக்குறைய அந்த அளவுக்குப் புது நகம் வந்திருக்கும். கல்யாணத்துக்குள் நுனி முழுக்கச் சரியாகாது. ஏறக்குறைய பாதி நல்ல நகம் இருக்கும்.

21 ஜூலை | குமுளிக்காரி

மருதாணியைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிட்டேன் என்று சேச்சி சொல்கிறார். அரைத்த இலையை ராத்திரி முழுக்கக் கட்டிக் காயவிட்டால் அதுவும் நகத்தை உலர்த்தும். ஒப்புக்கொள்கிறேன். ரெண்டு மணி நேரம் போதும், எடுத்ததும் எண்ணெய். கோன் வாங்கினால் "பத்து நிமிஷத்தில் கறுப்பு" என்கிற சமாச்சாரத்தைத் தொடவே தொடாதீர்கள். அதில் தலைச்சாயத்துக்குப் போடுகிற பிபிடி இருக்கலாம், கொப்பளித்துவிடும்.

10 ஆகஸ்ட், இரவு | குமுளிக்காரி

போடி வாசகிக்கு, கல்யாண வாரத்துக்கு.

நீளம் வேண்டாம். விரல் நுனியோடு ஒட்ட வெட்டி, ஓரத்தை வட்டமாக ராவுங்கள். சதுர மூலைதான் முதலில் மாட்டிப் பிளக்கும். குளித்ததும் வெட்டுங்கள், காய்ந்த நகத்தை வெட்டினால் தெறிக்கும். ராவுவது நேர்மாறு, நன்றாகக் காய்ந்த பிறகு, கண்ணாடி ஃபைலால், ஒரே திசையில். முன்னும் பின்னும் அறுத்தால் தகடு பிரியும்.

பார்லரில் உட்கார்ந்ததும் ரெண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். "க்யூட்டிகிள் வெட்ட வேண்டாம், தள்ளி மட்டும் விடுங்க." அந்தத் தோல்தான் வேருக்குக் கதவு. வெட்டினால் நகச்சுத்து வரும், கல்யாண வீட்டில் விரலில் எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு தாம்பூலம் கொடுக்க நேரும். ரெண்டாவது, "பஃப் பண்ண வேண்டாம்." வரியைத் தேய்த்துச் சமமாக்கினால் மினுங்கும், நகம் மெல்லிசாகும். வரியை மறைக்க அதை நிரப்புகிற பேஸ் கோட்டே கிடைக்கிறது.

பேஸ் கோட், மெல்லிசாக ரெண்டு பூச்சு நிறம், டாப் கோட். ஒவ்வொன்றையும் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு இழுத்து மூடச் சொல்லுங்கள். பிரிகிற நுனிக்கு அந்த மூடல்தான் காவல். நிறம் இளம் ரோஸ், பழுப்பு மாதிரி. அடர் சிவப்பு அழகுதான், ஓரம் பெயர்ந்தால் மேடையில் இருக்கிற போட்டோக்காரருக்கும் தெரியும். ஓரம் பெயர்ந்தால் கழற்றாமல் அதன் மேலேயே தொட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் ரிமூவர் வேண்டாம். அசிட்டோன் இல்லாத ரிமூவர் சாது என்று நானும் நினைத்திருந்தேன், இப்போது அவ்வளவு நம்பிக்கை இல்லை. கொஞ்சம் மென்மைதான், ஆனால் அதிக நேரம் தேய்க்க வேண்டியிருக்கிறது. வறட்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

3 செப்டம்பர் | குமுளிக்காரி

சேச்சியின் மகள் அயர்லாந்தில் நர்ஸ். அங்கே பார்லர்களில் ஜெல் பாட்டில்களைக் குப்பையில் போடுகிறார்களாம். விஷயம் உண்மைதான். ஜெல்லை விளக்கொளியில் உறைய வைக்க உதவும் டிபிஓ (TPO, முழுப் பெயர் Trimethylbenzoyl Diphenylphosphine Oxide) என்கிற ரசாயனத்தை ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டது. விலங்குகளில் இனப்பெருக்கத்தைப் பாதிப்பதாகத் தெரிந்ததால் முன்னெச்சரிக்கை. போட்டவர்கள் பதறத் தேவையில்லை. ஜெல் போடத்தான் போகிறேன் என்கிறவர்கள் பாட்டிலைத் திருப்பி அந்தப் பெயர் இருக்கிறதா என்று படியுங்கள். விளக்கில் கை வைக்கும் முன் சன்ஸ்கிரீன் பூசுங்கள், அந்த விளக்கு விடுவதும் வெயிலில் இருக்கிற யுவிஏ என்கிற புற ஊதாக் கதிர்தான்.

"உனக்கு என்ன கவலை, நர்ஸுக்கு நகப்பூச்சே கூடாதே" என்று மகளைக் கேட்டாராம் சேச்சி. "கால்ல போடுவேன் அம்மே" என்று பதில்.

18 செப்டம்பர் | போடி வாசகி

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது அக்கா. இளம் ரோஸ்தான். சம்பந்தியம்மா ஜெல் போட்டு வந்திருந்தார், மறுவீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் சிவந்து அரித்துக்கொண்டிருந்தது, கண்ணிமைகூட வீங்கியிருந்தது. ஜெல்லாக இருக்குமா?

18 செப்டம்பர், இரவு | குமுளிக்காரி

இருக்கலாம். ஜெல்லில் இருக்கிற அக்ரிலேட் என்கிற ரசாயனத்தால் வருகிற ஒவ்வாமை விரலில் தொடங்கி, கை பட்ட இடமெல்லாம், முக்கியமாக இமையில் வரும். கழற்றிவிட்டுத் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பிராண்ட் மாற்றிப் பார்க்க வேண்டாம். ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் அனேகமாக விடாது. பல் அடைக்கிற பசையிலும் மூட்டு மாற்றுகிற சிமெண்டிலும் அதே குடும்பத்து ரசாயனம் உண்டு, பல் டாக்டரிடமும் சொல்லி வைக்கட்டும். வீட்டுக்கு வாங்குகிற ஜெல் பெட்டிகளில் இது கூடுதல். சரியாக உறையாத ஜெல் தோலில் வழிந்தால்தான் பெரும்பாலும் பிடிக்கும்.

மருமகளின் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. மகனைவிட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள்.

2 டிசம்பர் | குமுளிக்காரி

கண்புரை ஆபரேஷனுக்குப் போகிற ஒருவர் கேட்டார், பாலிஷ் எடுக்க வேண்டுமா என்று. எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவிக்கு அடர் நிறம் இடைஞ்சல் செய்யும். ஜெல் என்றால் முதல் நாளே போய் நிதானமாகக் கழற்றுங்கள். மருதாணியைச் சுரண்ட முடியாது, முன்கூட்டி நர்ஸிடம் சொன்னால் வேறு இடத்தில் மாட்டுவார்கள்.

நாளைக்குத் திருக்கார்த்திகை. ரிமூவர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு அகல் பக்கத்தில் உட்காராதீர்கள், அசிட்டோன் ஆவி எட்டி நின்றே பிடிக்கும். நகத்தை இன்றைக்கே முடித்துவிட்டு விளக்கேற்றுங்கள்.